வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? ஆப் மாறினாலும் தடுமாறாமல் இருக்க 35 குறிப்புகள்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) தெற்கே வந்தால் கல்பாக்கம். அதை ஒட்டியே புதுப்பட்டினம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பார்க்க வருபவர்கள், கடல் காற்றுக்காகச் சென்னையிலிருந்து வார இறுதியில் வருபவர்கள், அணுமின் நிலைய வேலையாகச் சில நாள் தங்க வருபவர்கள் என்று இந்தப் பக்கம் இடம் தேடுவோர் பலவகை. மாடி போர்ஷனையோ, பிள்ளைகள் வெளியூர் போனபின் பூட்டிக் கிடக்கும் வீட்டையோ ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம், மேக்மைட்ரிப் போன்ற தளங்களில் போட்டு நாள் வாடகைக்கு விடும் குடும்பங்கள் இந்தக் கடற்கரை நெடுக இருக்கின்றன.

வீட்டைப் பெருக்கித் துடைத்து வைப்பது இவர்களுக்குச் சிரமமில்லை. ஆப்தான் சிரமம். நேற்று இருந்த பட்டன் இன்று வேறு இடத்தில் இருக்கிறது. கட்டண முறை மாறியதாக மெயில் வருகிறது. விலையைத் தானே ஏற்றி இறக்கும் வசதி வந்து நிற்கிறது. புதிதாக வருவதையெல்லாம் ஏற்கவும் வேண்டாம், பயந்து ஒதுங்கவும் வேண்டாம். விலை, தேதி, ரத்து விதி, கைக்கு வரும் பணம் ஆகிய நான்கில் எதையாவது ஓர் அப்டேட் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் அன்றே கவனியுங்கள். மற்றவற்றை ஓய்வாகப் பழகிக்கொள்ளலாம்.

அப்டேட் வந்த அன்று

1. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இன்றைய நிலையில் உங்கள் விலை, குறைந்தபட்ச இரவுகள், க்ளீனிங் கட்டணம், ரத்து விதி, செக்-இன் நேரம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். செட்டிங்ஸ் பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஆப் புதுப்பிக்கப்பட்ட பிறகு ஏதாவது மாறியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் உதவும்.

2. ஏர்பிஎன்பி தன் பெரிய மாற்றங்களைச் சில ஆண்டுகளாகப் பெரும்பாலும் மே மாதத்திலும், அக்டோபர், நவம்பரிலும் அறிவித்து வருகிறது. நமக்கு மே என்றால் கோடை விடுமுறைக் கூட்டம். அக்டோபர் என்றால் மழைக்காலத் தொடக்கம். இரண்டுக்கும் முந்தைய வாரமே செட்டிங்ஸ் முழுவதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால், கெஸ்ட் வாசலில் நிற்கும்போது போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

3. ‘புதிய விதியை ஏற்காவிட்டால் உங்கள் லிஸ்டிங் முடக்கப்படும்’ என்று மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். நேராக ஆப்பைத் திறந்து நோட்டிஃபிகேஷன் பகுதியில் அதே தகவல் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான அறிவிப்பென்றால் அங்கேயும் இருக்கும்.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். விலை, போட்டோ, ரத்து விதி மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், பிறகு புக்கிங் கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது.

5. கெஸ்ட் கண்ணால் உங்கள் வீட்டைப் பாருங்கள். உறவினர் ஒருவரின் போனில் அடுத்த சனிக்கிழமைக்குத் தேடி, கடைசியில் கட்டச் சொல்லும் தொகை வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் போட்ட விலைக்கும் அவர்கள் பார்க்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அப்போது புரியும்.

6. பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரையோ வெளியூரில் இருக்கும் மகளையோ இணை ஹோஸ்டாகச் சேர்க்கும் வசதி ஏர்பிஎன்பியில் உண்டு. முழு அனுமதி, கேலண்டரும் செய்தியும், கேலண்டர் மட்டும் என்று பிரித்துக் கொடுக்கலாம். சாவி கொடுப்பவருக்குக் கேலண்டர் பார்க்கும் அனுமதி போதும்.

விலையும் கட்டணமும்

7. தளம் எடுக்கும் கட்டணம் எந்த முறையில் என்று உறுதி செய்யுங்கள். ஏர்பிஎன்பியின் பழைய முறையில் ஹோஸ்டிடம் சுமார் 3 சதவீதம் எடுத்து, மீதியைக் கெஸ்டிடம் வாங்குவார்கள். வீட்டு மேலாண்மை மென்பொருளோடு இணைத்திருக்கும் ஹோஸ்ட்களை 2025 அக்டோபர் 27 முதல் 15.5 சதவீதம் முழுவதையும் ஹோஸ்டே ஏற்கும் முறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். ரூ.4,000 அறைக்கு 3 சதவீதம் போனால் கைக்கு ரூ.3,880 வரும். 15.5 சதவீதம் போனால் ரூ.3,380தான். அதே ரூ.3,880 வேண்டுமென்றால் விலையை ரூ.4,592 என்று போட வேண்டும். சும்மா 12.5 சதவீதம் கூட்டினால் போதாது, 3,880ஐ 0.845 ஆல் வகுக்க வேண்டும். கட்டணத்தின் மேல் வரும் வரி தனி.

8. தானியங்கி விலை வசதியை ஆன் செய்தால் கீழ் எல்லையை முதலில் போடுங்கள். மின்சாரம், துவைப்பு, க்ளீனிங் கூலி, தளக் கட்டணம் எல்லாம் போக ஓர் இரவுக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று கணக்கிட்டு, அவ்வளவு மிஞ்சும் விலையைக் கீழ் எல்லையாக வையுங்கள். அதற்குக் கீழே வரும் புக்கிங் வீட்டுக்கு உழைப்பை மட்டும்தான் தரும்.

9. நம் ஊர் நாட்காட்டியை நீங்களே கையில் வைத்திருங்கள். பொங்கல் விடுமுறை, டிசம்பர், ஜனவரியில் நடக்கும் மாமல்லபுரம் நாட்டிய விழா, மாசி மகத்தையொட்டி மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் கூடும் நாட்கள், திருக்கழுக்குன்றம் சித்திரைத் திருவிழா என்று கூட்டம் வரும் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்து, அந்த நாட்களின் விலையைக் கையால் போடுங்கள். விழாவுக்கு வரும் குடும்பத்திடம் நியாயமான விலை வாங்கினால் அடுத்த ஆண்டும் வருவார்கள்.

10. 2025 ஏப்ரலிலிருந்து ஏர்பிஎன்பி உலகெங்கும் தேடல் பக்கத்திலேயே எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையைக் காட்டுகிறது. ரூ.4,000 வாடகை, ரூ.1,500 க்ளீனிங் என்று போட்டிருந்தால் ஓர் இரவு தங்குபவருக்கு எடுத்த எடுப்பில் ரூ.5,500க்கு மேல்தான் தெரியும். நம் பக்கம் பலர் சனிக்கிழமை ஓர் இரவுக்குத்தான் வருகிறார்கள். அதனால் க்ளீனிங் கட்டணத்தைக் குறைத்து, இரவு வாடகையில் கொஞ்சம் சேர்ப்பது நல்லது.

11. ரூ.7,500 என்ற எல்லையை மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு ரூ.7,500 வரையுள்ள தங்குமிடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். வில்லாவை ரூ.7,500க்கு விட்டால் வரியோடு ரூ.7,875. ரூ.7,600 என்று போட்டால் ரூ.8,968. நீங்கள் நூறு ரூபாய் ஏற்றியதற்குக் கெஸ்ட் ரூ.1,093 கூடுதலாகக் கட்டுகிறார். தானியங்கி விலை இந்தக் கோட்டை லேசாகத் தாண்டிவிடாதபடி மேல் எல்லையையும் போட்டு வையுங்கள். தாண்டுவதென்றால் நன்றாகத் தாண்டும் அளவுக்கு வீட்டில் வசதி இருக்க வேண்டும்.

12. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாத ஹோஸ்ட் என்றால், தளத்தின் வழியாக வரும் புக்கிங்கின் ஜிஎஸ்டியைத் தளமே வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். கெஸ்டிடம் நேரில் தனியாக ‘வரி’ என்று எதையும் வாங்காதீர்கள். பதிவு செய்தவர் என்றால் அந்த எண்ணைத் தளத்தில் கொடுத்து, வரியை நீங்களே கட்ட வேண்டும்.

13. பான் எண்ணை ஆப்பில் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தளங்கள் பிடிக்கும் வருமான வரி 2024 அக்டோபர் முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பான் இல்லையென்றால் பிடித்தம் 5 சதவீதம். பிடித்த தொகை உங்கள் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஆண்டு முடிவில் சரிபாருங்கள்.

14. ஏர்பிஎன்பியில் புது லிஸ்டிங் போடும்போது முதல் மூன்று புக்கிங்குக்கு 20 சதவீதத் தள்ளுபடி தரச் சொல்லி ஆப் கேட்கும். ரிவ்யூ இல்லாத புது வீட்டுக்கு அது உதவும். ஆனால் அந்த மூன்றும் பொங்கல் வாரத்தில் போய்விடாதபடி, கூட்டமில்லாத மாதத்தில் லிஸ்டிங்கைத் தொடங்குங்கள்.

கேலண்டரும் ரத்தும்

15. இரண்டு தளங்களில் போட்டிருந்தால் கேலண்டர் இணைப்பு இருபுறமும் வேண்டும். ஏர்பிஎன்பியின் லிங்க்கை மற்றதிலும், மற்றதன் லிங்க்கை ஏர்பிஎன்பியிலும் ஒட்ட வேண்டும். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் ஒரே தேதிக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நிற்கும். இணைத்த பிறகும் தேதி மாறச் சில மணி நேரம் ஆகும். விடுமுறை நாட்களில் புக்கிங் வந்ததும் மற்ற தளத்தில் கையாலேயே தேதியை மூடிவிடுங்கள்.

16. 2025 அக்டோபர் முதல் ஏர்பிஎன்பியில் ஒரு புது விதி. தங்கும் நாளுக்குக் குறைந்தது ஏழு நாட்கள் இருக்கும்போது புக் செய்தவர், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். 28 இரவுகளுக்குக் குறைவான தங்கலுக்கு இது பொருந்தும். அதனால் முன்கூட்டி வந்த புக்கிங்குக்கு முதல் நாளே சமையல்காரருக்கும் வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு நாள் பொறுத்து உறுதி செய்யுங்கள்.

17. ரத்து விதியைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பதைப் பார்த்து வைக்காதீர்கள். கடைசி நேரத்தில் சென்னையிலிருந்து புக்கிங் வரும் வீடு என்றால் தளர்வான விதி போதும். ரத்தானாலும் வேறு ஆள் வருவார். மாதங்களுக்கு முன்பே வெளிநாட்டிலிருந்து புக் செய்யும் வீடு என்றால் கொஞ்சம் இறுக்கமான விதி வேண்டும்.

18. நீங்களாக ரத்து செய்வதைக் கூடியவரை தவிருங்கள். ஹோஸ்ட் ரத்து செய்தால் ஏர்பிஎன்பி அபராதம் போடும். 30 நாட்களுக்கு முன் என்றால் புக்கிங் தொகையில் 10 சதவீதம். அதற்குள் என்றால் 25 சதவீதம். தங்க வருவதற்கு 48 மணி நேரத்துக்குள் என்றால் 50 சதவீதம். குறைந்தது 50 டாலர். வீட்டில் கல்யாணம், காதுகுத்து, திதி என்று தெரிந்த தேதிகளை நாள் குறித்த அன்றே கேலண்டரில் மூடிவிடுங்கள்.

19. புயல் காலத்துக்குத் தயாராக இருங்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட பேரிடர்களில் கெஸ்ட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும்படி ஏர்பிஎன்பிக்குத் தனி விதி உண்டு. அது உங்கள் ரத்து விதிக்கு மேலானது. அதனால் நவம்பர், டிசம்பர் வருமானத்தை நம்பிக் கடன் தவணை போடாதீர்கள். எச்சரிக்கை வந்தால் கெஸ்ட் கேட்கும் முன் நீங்களே செய்தி அனுப்பி நிலையைச் சொல்லுங்கள்.

20. வேலையாக வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு 28 இரவுகள் என்ற கணக்கு முக்கியம். 28 இரவுகளோ அதற்கு மேலோ என்றால் ஏர்பிஎன்பியில் ரத்து விதியே வேறு. மாதங்கள் நீளும் என்றால் நாள் வாடகையாக வைக்காமல், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வது இரு தரப்புக்கும் நல்லது.

செய்தி, படம், ரிவ்யூ

21. தானாகப் போகும் செய்தி வசதியைப் பயன்படுத்துங்கள். புக் ஆனதும் நன்றி. வருவதற்கு முதல் நாள் வழி, சாவி, பார்க்கிங். போகும் நாள் காலை கேஸ், விளக்கு, சாவி பற்றிய நினைவூட்டல். இந்த மூன்று போதும். தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். பழைய வைஃபை பாஸ்வேர்டு, பழைய போன் எண் அதில் கிடக்கிறதா என்று மாதம் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

22. மேப்பில் குத்தியிருக்கும் இடத்தை அப்டேட்டுக்குப் பிறகு சரிபாருங்கள். புதுப்பட்டினம் என்ற பெயரில் மயிலாடுதுறை மாவட்டத்திலும் ஊர் இருக்கிறது. கோவளம் என்றால் கேரளக் கோவளத்தையும் நினைப்பார்கள். லிஸ்டிங் தலைப்பிலேயே ‘கல்பாக்கம் அருகே, ஈசிஆர், செங்கல்பட்டு மாவட்டம்’ என்று போடுங்கள். கோயில், பள்ளி, பஸ் நிறுத்தம் என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள்.

23. ஏர்பிஎன்பியில் போட்டோக்களைச் செயற்கை நுண்ணறிவு தானே அறைவாரியாகப் பிரித்து வைக்கிறது. வராந்தாவில் கிடக்கும் கட்டிலை இன்னொரு படுக்கையறை என்று அது வைத்துவிட்டால், இல்லாத அறையைத் தேடும் கெஸ்டிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படமாகப் பாருங்கள். கடல் பக்கத்திலேயே தெரிவதுபோல் ஜூம் செய்த படம் வேண்டாம். நடந்து போக எத்தனை நிமிடம் என்று எழுதினால் போதும்.

24. கெஸ்ட் கிளம்பியதும் அன்றே ரிவ்யூ எழுதிவிடுங்கள். ஏர்பிஎன்பியில் இருவருக்கும் 14 நாள் அவகாசம். இருவரும் எழுதிய பிறகோ, 14 நாள் முடிந்த பிறகோதான் அது வெளியே தெரியும். யாராவது குறை எழுதியிருந்தால் உடனே கோபமாகப் பதில் போடாதீர்கள். பதில் எழுத 30 நாள் இருக்கிறது. ‘ஏசியைச் சரி செய்துவிட்டோம், தெரிவித்ததற்கு நன்றி’ என்ற இரண்டு வரி, அடுத்து வருபவருக்கு நம்பிக்கை தரும்.

25. ஏர்பிஎன்பி நல்ல ஹோஸ்ட்களுக்குத் தரும் ‘சூப்பர் ஹோஸ்ட்’ தகுதிக்கு ஆசைப்படுபவர்கள் நான்கு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. ஒவ்வொரு முறையும் முந்தைய ஓராண்டைப் பார்ப்பார்கள். 4.8 மதிப்பீடு, 10 தங்கல்கள், 90 சதவீதச் செய்திகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில், 1 சதவீதத்துக்கும் குறைவான ரத்து ஆகியவை வேண்டும். பதில் சொல்லும் விகிதம் ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருப்பது. அதை விட்டுவிடாதீர்கள்.

பணமும் பாதுகாப்பும்

26. யுபிஐ-யில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. ‘ராணுவத்தில் இருக்கிறேன், பத்து பேருக்கு வீடு வேண்டும், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் வந்துவிடும்’ என்று யார் பேசினாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்த வழி உண்டு.

27. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பலரும் ‘சி’ படிவம் என்று சொல்வது இதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. இலங்கை, மலேசியா, பிரான்சிலிருந்து வரும் தமிழ் உறவுகள் நம்மைப் போலவே பேசினாலும் பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தளத்தில் அடையாளம் சரிபார்க்கப்பட்டிருந்தாலும் இந்தப் பொறுப்பு உங்களுடையது.

28. அடையாள அட்டை கேட்கும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும் என்று சொல்லுங்கள். வாங்கிய படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், தேதி, கையெழுத்து வாங்கி வையுங்கள்.

29. வீட்டுக்குள் கேமரா கூடவே கூடாது. 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி உள் அறைகளில் எல்லாக் கேமராக்களையும் தடை செய்துவிட்டது. அணைத்து வைத்திருந்தாலும் தவறுதான். வாசல் கேமரா இருந்தால் எங்கே இருக்கிறது என்று லிஸ்டிங்கில் எழுதுங்கள். நீங்களே அந்த வீட்டில் வசித்த காலத்தில் ஹாலில் மாட்டிய கேமராவைக் கழற்றிவிட்டுத்தான் வாடகைக்கு விட வேண்டும்.

30. ஒவ்வொரு கெஸ்ட்டும் வருவதற்கு முன்பும் போன பின்பும் வீட்டைச் சுற்றி ஒரு சின்ன வீடியோ எடுங்கள். ஏதாவது உடைந்திருந்தால் ஏர்பிஎன்பியின் ஏர்கவர் மூலம் நஷ்டம் கேட்க அவர் கிளம்பியதிலிருந்து 14 நாள்தான் அவகாசம். கடை பில்லும் படமும் வேண்டும். தளம் தரும் இந்தப் பாதுகாப்பு வீட்டுக் காப்பீட்டுக்கு ஈடாகாது. நாள் வாடகைக்கு விடுவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதற்கேற்ற பாலிசி எடுங்கள்.

31. தளத்தில் வீடு இருப்பது அரசு அனுமதி ஆகாது. நீங்களும் அதே வீட்டில் வசித்து, ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடுவதென்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சில்வர், கோல்டு தரச் சான்று பெறலாம். மாநிலச் சுற்றுலாத் துறையின் பதிவையும் கேளுங்கள். சாப்பாடும் போடுவதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். கரையோர மீனவக் குடும்பங்கள் இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்தக் கடலோர ஒழுங்குமுறை விதிகளிலேயே இடமுண்டு.

வீடு நன்றாக இருந்தால் ஆப்பும் நன்றாக நடக்கும்

32. உப்புக் காற்று எதையும் விடாது. குழாய், கைப்பிடி, கொண்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவுங்கள். பூட்டுத் துவாரத்தில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். பென்சில் கூரைச் சீவி அந்தத் தூளைப் போட்டால் சாவி இலகுவாகத் திரும்பும். ஏசி வெளி யூனிட்டை மெயினை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அலசுங்கள். நம்பர் பூட்டு போட்டிருந்தாலும் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். ஷவரில் உப்புப் படிந்தால் வினிகரில் இரவு முழுக்க ஊற வைத்துக் காலையில் பிரஷால் தேயுங்கள்.

33. கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். சென்னிமலைக் கைத்தறி பெட்ஷீட் அடிக்கடி துவைத்தாலும் தாங்கும். கடல் மணலோடு வரும் துணியை முதலில் உதறி, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே மெஷினில் போடுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய், வாளி, கயிற்று மிதியடி வைத்தால் பாதி மணல் வெளியிலேயே நின்றுவிடும்.

34. பூட்டிக் கிடந்த வீட்டில் ஈர வாடை இருந்தால் ரிவ்யூவில் முதலில் அதுதான் வரும். அலமாரி மூலையில் கிண்ணத்தில் அடுப்புக்கரி வையுங்கள். ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வெயில் காட்டுங்கள். கெஸ்ட் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஜன்னல்களைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். ரூம் ஸ்ப்ரே அடித்து வாடையை மூடப் பார்க்காதீர்கள்.

35. வீட்டு விதிகள் பகுதியில் நம் ஊருக்கான விதிகளை எழுதுங்கள். அலை இழுக்கும் கடல் இது. குளிக்க இறங்க வேண்டாம், குழந்தைகளைத் தனியே விட வேண்டாம். கரையில் இருக்கும் படகும் வலையும் மீனவர்களின் பிழைப்பு. அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். கடல் பக்க விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். அணுமின் நிலையம் இருக்கும் பகுதி என்பதால் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் வேண்டாம். இவற்றோடு 112, 108 எண்களையும், மாவட்டப் பேரிடர் எண்ணான 1077ஐயும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் முதல் குறிப்பில் சொன்ன நோட்டைப் போடுங்கள். 7, 11 ஆகிய குறிப்புகளில் உள்ள கணக்கையும், 15ஆம் குறிப்பில் உள்ள கேலண்டர் இணைப்பையும் சரிபாருங்கள். பணம் கசியும் இடங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கின்றன. வரி விகிதமும் தளங்களின் விதியும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆண்டுக்கு ஒருமுறை கணக்காளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்துத் தெருவில் வீடு விடும் அக்காவோ அண்ணனோ இந்த அப்டேட்டுகளால் திணறினால், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு வீட்டில் நல்ல மாதிரி தங்கிப் போனவர்கள்தான் அடுத்த முறை உறவுக்காரர்களையும் நம் ஊருக்கு அழைத்து வருகிறார்கள்.